செப்புக் குழாய்க்குள் படியும் மின்கட்டணம்

பெரிய கட்டடம் ஒன்றின் குளிரூட்டும் நிலையம் பழுதடைந்து நின்றுவிட்டால் அது உடனே அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. அறைகள் புழுங்குகின்றன, புகார்கள் குவிகின்றன, பணியாளர்கள் ஓடி வருகிறார்கள். அதே நிலையம் நிற்காமல் மெல்ல மெல்ல நலிவடையும்போது எவருக்கும் எதுவும் தெரிவதில்லை. அழுக்கும் படிவும் தேய்மானமும் சேரச் சேர, அவற்றால் குறைந்துபோன திறனை ஈடுகட்டும் அளவுக்குக் கூடுதல் மின்சாரத்தை இழுத்துக்கொண்டு, அறையின் வெப்பநிலையை வழக்கம்போல் 24 டிகிரி செல்சியஸிலேயே அது வைத்திருப்பதுதான் இதற்குக் காரணம். குளிர் குறையாதவரை எந்திரம் நலமாக இருக்கிறது என்றே கட்டடத்தில் இருப்பவர்களும் அதை நிர்வகிப்பவர்களும் எண்ணுகிறார்கள். மருத்துவமனை, தகவல் தொழில்நுட்ப வளாகம், விமான நிலையம், பேரங்காடி போன்ற முழுவதும் குளிரூட்டப்பட்ட கட்டடங்களில், அதிலும் சென்னையைப் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடற்கரை நகரங்களில், மொத்த மின்நுகர்வில் ஏறத்தாழப் பாதி குளிரூட்டலுக்கே போகிறது என்பதால், கண்ணுக்குத் தெரியாத இந்த நலிவு எங்கே, எப்படித் தொடங்குகிறது என்பதை விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய நிலையத்தின் மையத்தில் இருப்பது சில்லர் எனப்படும் நீர்குளிர்விப்பான். கட்டடத்தின் அறைகளிலிருந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12 டிகிரியில் திரும்பிவரும் நீரை 7 டிகிரிக்குக் குளிர்வித்து மீண்டும் அனுப்புவது அதன் வேலை. நீரிலிருந்து வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகும் குளிர்பொருளை, மெக்கானிக்குகள் 'கேஸ்' என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தப் பொருளை, அமுக்கி எனப்படும் கம்ப்ரசர் அழுத்திச் சூடேற்றுகிறது; அந்தச் சூட்டைக் கண்டென்சர் என்னும் உருளையில் வேறொரு நீரோட்டத்திடம் ஒப்படைத்துவிட்டுக் குளிர்பொருள் மறுபடியும் திரவமாகிறது; சூடேறிய அந்த நீர் மொட்டைமாடியில் நிற்கும் கூலிங் டவருக்குப் போய், ஒரு பகுதி ஆவியாகித் தன் வெப்பத்தைக் காற்றில் விட்டுவிட்டுத் திரும்புகிறது. சில்லரின் திறனை 'டன்' என்னும் அலகால் குறிப்பார்கள். 907 கிலோ கொண்ட அமெரிக்க டன் அளவுப் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை எந்த வேகத்தில் அகற்ற வேண்டுமோ அந்த வேகமே ஒரு டன். இன்றைய கணக்கில் அது 3.517 கிலோவாட். நீரால் குளிர்விக்கப்படும் நல்ல சில்லர் ஒன்று புதிதாக இருக்கும்போது, ஒரு டன் குளிர்ச்சிக்கு 0.6 முதல் 0.65 கிலோவாட் வரை மின்சாரம் எடுத்துக்கொள்ளும். டன்னுக்கு எத்தனை கிலோவாட் என்ற இந்த ஓர் எண்தான் இக்கட்டுரை முழுவதற்கும் அளவுகோல்.

இந்த எண் ஏன் ஏறுகிறது என்பதற்கான விடை இருநூறு ஆண்டுப் பழமையான ஓர் இயற்பியல் உண்மையில் இருக்கிறது. வெப்பத்திலிருந்து பெறக்கூடிய வேலையின் உச்சவரம்பை இரண்டு வெப்பநிலைகள் மட்டுமே தீர்மானிக்கின்றன என்று சாதி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1824-இல் காட்டினார். அதே விதியைத் திருப்பிப் போட்டால், குளிரான இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பத்தை ஏற்ற ஆகும் குறைந்தபட்ச வேலை, அவ்விரு வெப்பநிலைகளுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பொறுத்தது என்றாகிறது. குளிர்பொருள் 5 டிகிரியில் ஆவியாகி 37 டிகிரியில் திரவமாகிறது என்று கொண்டால் ஏற வேண்டிய தூரம் 32 டிகிரி. கண்டென்சர் அழுக்கடைந்து, திரவமாகும் வெப்பநிலை 40 டிகிரிக்குப் போனால் அது 35 ஆகிறது. 35-ஐ 32-ஆல் வகுத்தால் 1.09 வருவதால், அதே குளிர்ச்சிக்கு 9 விழுக்காடு கூடுதல் வேலை, அதாவது ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3 விழுக்காடு. குளிரூட்டும் துறையில் புழங்கும் கட்டைவிரல் விதியும் இதே 3 விழுக்காட்டைத்தான் சொல்கிறது.

நடைமுறையில் இழப்பு இந்தக் கணக்கையும் மிஞ்சுகிறது. இந்தியாவின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002-இல் அமைக்கப்பட்ட எரிசக்தித் திறன் செயலகம், எரிசக்தித் தணிக்கையாளர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி நூலில் ஒரு சிறிய அமுக்கி அமைப்பின் அளவீடுகளைத் தருகிறது. தூய்மையான நிலையில் அந்த அமைப்பு 17 டன் குளிர்ச்சியை டன்னுக்கு 0.69 கிலோவாட் வீதம் தந்தது. கண்டென்சர் அழுக்கேறித் திரவமாகும் வெப்பநிலை 40.5 டிகிரியிலிருந்து 46.1 டிகிரிக்கு உயர்ந்தபோது மின்செலவு 0.84 கிலோவாட்டாக, அதாவது 20 விழுக்காட்டுக்கும் மேல் கூடியது. குளிர்பொருள் ஆவியாகும் பகுதியான ஆவியாக்கியும் கண்டென்சரும் சேர்ந்தே அழுக்கேறிய நிலையில் அது 0.96 ஆனது, குளிரூட்டும் திறனோ 12.7 டன்னாகச் சுருங்கியது. மின்செலவு ஏறுவது எல்லோர் கண்ணிலும் படக்கூடிய எண். திறன் சுருங்குவதன் பின்விளைவு அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. ஒரு சில்லர் போதுமாக இருந்த கட்டடத்தில் இரண்டாவது சில்லரை இயக்க வேண்டியதாகிறது. அதனுடன் அதற்குரிய பம்புகளும் கூலிங் டவர் விசிறியும் ஓடத் தொடங்குகின்றன. கட்டடம் வளர்ந்துவிட்டது, சுமை கூடிவிட்டது என்று நிர்வாகம் முடிவுகட்டிப் புதிய சில்லருக்கு விலைப்புள்ளி கேட்கும் கட்டத்தில், உண்மையில் கூடியிருப்பது சுமையா குழாய்க்குள் இருக்கும் படிவா என்ற கேள்வியை எழுப்ப ஆளிருந்தால் அது பெரும் செலவொன்றைத் தவிர்க்கும்.

அந்தப் படிவை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். கண்டென்சர் உருளைக்குள் முக்கால் அங்குல விட்டமுள்ள செப்புக் குழாய்கள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. குழாய்களுக்குள் நீர், வெளியே குளிர்பொருள். வெப்பம் எளிதாகக் கடக்க வேண்டும் என்பதற்காகக் குழாயின் உட்சுவரில் திருகு வடிவ வரிகளைச் செதுக்கியிருப்பார்கள். புதிதில் பயன் தரும் அதே வரிகளே பின்னர் அழுக்கு தங்குவதற்கு வாகான பள்ளங்களாகவும் அமைந்துவிடுகின்றன. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடுபடும்போது கார்பன் டை ஆக்சைடை இழந்து கால்சியம் கார்பனேட்டாக மாறுகிறது. சர்க்கரையையும் உப்பையும்போல் அல்லாமல் இந்தப் பொருள் நீர் சூடாக ஆகக் குறைவாகவே கரைகிறது என்பதால், நீரோட்டத்தின் எல்லா இடங்களையும் விட்டுவிட்டு, வெப்பம் கடந்து போக வேண்டிய அந்தச் சூடான செப்புச் சுவரிலேயே அது படிகிறது. செப்பு கடத்தும் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இந்தச் சுண்ணாம்புப் படிவு கடத்துவதில்லை. வழக்கமான வெப்பப் பாய்வில், 0.3 மில்லிமீட்டர் கனமுள்ள படிவு, அதாவது மூன்று எழுதுதாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் வரும் கனம், ஏறத்தாழ 3 டிகிரி வெப்பநிலை வேறுபாட்டை விழுங்கிவிடுகிறது. கார்னோவின் கணக்கில் மேலே வந்த அதே 3 டிகிரி, அதே 9 விழுக்காடு.

படிவுக்கான மூலப்பொருள் எவ்வளவு வந்து சேர்கிறது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். 500 டன் சில்லர் ஒன்று சராசரியாக 350 டன் சுமையில் ஓடுகிறது என்று கொண்டால், கட்டடத்தின் வெப்பமும் அமுக்கியின் வெப்பமும் சேர்ந்து ஏறத்தாழ 1,450 கிலோவாட்டைக் கூலிங் டவர் வெளியேற்ற வேண்டும். இதற்கு மணிக்குச் சுமார் 2,000 லிட்டர் நீர் ஆவியாகிறது. ஆவியாவது தூய நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, வேறு நீர் கிடைக்காத இடங்களில் அனுமதிக்கும் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம். அந்த அளவு கடினமான நீரை நேரடியாகப் பயன்படுத்தினால், பன்னிரண்டு மணி நேர ஓட்டத்தில் கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 14 கிலோ கடினப் பொருள் நீரோட்டத்தில் எஞ்சுகிறது. அதை வெளியேற்றத் தொட்டி நீரில் ஒரு பகுதியை அவ்வப்போது திறந்துவிட வேண்டும்; இதற்கு ப்ளோடவுன் என்று பெயர். கடினத்தன்மையை முன்கூட்டியே நீக்கச் சாப்ட்னர் எனப்படும் கருவியும் இருக்கிறது. அதன் பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன, மணிகள் நிறைந்ததும் உப்புக்கரைசல் ஊற்றிக் கழுவி அவற்றை மீட்டெடுக்க வேண்டும். இந்தக் கழுவலை ஒரு சுற்று தவறவிட்டாலும் அன்றைய கடின நீர் முழுவதும் அப்படியே கண்டென்சருக்குப் போய்ச் சேர்கிறது. நீர்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் இடர் இன்னும் கூடுகிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதுபோன்ற சமயங்களில் லாரிக்கு லாரி நீரின் தரம் மாறும். விலை கொடுத்து வாங்கிய நீரைத் திறந்துவிட மனம் வராமல் ப்ளோடவுன் வால்வை மூடிவைக்கும் தூண்டுதலும் எழும். அப்படி மிச்சமாகும் நீருக்கான விலையை மின்கட்டணம் பின்னர் வேறு வழியில் வசூலித்துக்கொள்கிறது.

அந்த வசூல் எவ்வளவு என்றால், மேற்சொன்ன சில்லர் ஆண்டுக்கு 3,600 மணி நேரம் ஓடினால் தூய்மையான நிலையில் சுமார் 8,19,000 யூனிட் மின்சாரம் எடுக்கும். 9 விழுக்காடு கூடுதல் என்பது ஏறத்தாழ 74,000 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது என்பதால், மூன்று தாள் கனமுள்ள அந்தச் சுண்ணாம்பு ஆண்டுக்கு ஐம்பது டன்னுக்கும் மேற்பட்ட உமிழ்வாக மாறுகிறது. இத்தனைக்கும் அதை நீக்கத் தேவைப்படுவது நீண்ட கம்பியில் பொருத்திச் சுழற்றும் தூரிகையும், ஒரு வார இறுதியும், பயிற்சி பெற்ற இரண்டு மூன்று ஆட்களும்தான். கெட்டியாகிவிட்ட படிவுக்கு மட்டும் அளவாக நீர்த்த அமிலக் கழுவல் வேண்டியிருக்கும். ஆனால் நாள்காட்டியைப் பார்த்து அமிலத்தால் அடிக்கடி கழுவுவதும் சரியான பராமரிப்பு ஆகாது. அமிலம் சுண்ணாம்போடு நின்றுவிடாமல் செப்பையும் அரிக்கும். மெலிந்த குழாய் ஒன்று பொத்துக்கொண்டால் நீரும் குளிர்பொருளும் கலந்து சில்லரே முடங்கும்.

கூலிங் டவரைப் பொறுத்தவரை சொல்ல வேண்டியது குறைவு. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே எந்தக் கூலிங் டவரும் நீரைக் குளிர்விக்க முடியாது. சென்னையின் புழுக்கமான நாட்களில் அதுவே 28 டிகிரியை ஒட்டியிருப்பதால், நீரைப் பரப்பும் அடுக்குகளில் பாசியும் சேறும் அடைத்துக்கொள்ள இடம்கொடுக்கும் வசதி இங்கே இல்லை. பராமரிக்கப்படாத டவரின் வெதுவெதுப்பான நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா வளரக்கூடும் என்பதால் இந்தத் தூய்மை மின்சாரக் கணக்கைத் தாண்டியும் முக்கியமானது.

காற்றுப் பக்கத்தில் நிலைமை சற்றுச் சிக்கலானது. ஏ.ஹெச்.யூ. எனப்படும் காற்றுக் கையாளும் அலகில், ஃபில்டர் அடைத்துக்கொண்டால் மின்செலவு கூடும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரே வேகத்தில் சுழலும் விசிறியில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. அடைப்பு கூடக் கூடக் காற்றின் அளவு குறைந்து, விசிறியின் மின்நுகர்வும் சற்றுக் குறையவே செய்கிறது. இழப்பு வேறிடத்தில் நிகழ்கிறது: காற்று போதாத அறையில் இருப்பவர்கள் வெப்பநிலை அமைப்பை 24-இலிருந்து 20-க்கு இறக்குகிறார்கள், அல்லது நிலைய இயக்குநர் குளிர்நீரின் வெப்பநிலையையே ஒரு டிகிரி தாழ்த்திவிடுகிறார், உடனே கட்டடம் முழுவதற்குமான 3 விழுக்காடு கூடுகிறது. தேவைக்கேற்ப வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. பொருத்திய விசிறியிலோ, குறைந்த காற்றை ஈடுகட்ட வேகம் தானே ஏறுகிறது; விசிறிக்குத் தேவையான மின்திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், சிறிய வேக ஏற்றமும் பெரிய செலவாகிறது. இதே மும்மடி விதி மறுபக்கமாகவும் வேலை செய்கிறது என்பதுதான் வி.எஃப்.டி.யின் பயன், வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் மின்திறன் ஏறத்தாழப் பாதியாகிறது. ஒருநாள் சென்சார் கோளாறு காரணமாக வி.எஃப்.டி.யைக் கைமுறைக்கு மாற்றி முழு வேகத்தில் வைத்துவிட்டு, கோளாறு சரியான பிறகும் தானியங்கி முறைக்குத் திருப்ப மறந்துவிட்டால், அந்தச் சேமிப்பு முழுவதும் எவரும் அறியாமல் போய்விடுகிறது. எந்தப் பகுதியும் உடையவில்லை என்பதால் பழுதுப் பதிவேட்டில் இது இடம்பெறுவதே இல்லை. பெல்ட் தளர்வு, சிக்கிக்கொண்ட வால்வு, மூடாத வெளிக்காற்றுத் தடுப்பான் ஆகியவையும் இதே வகைதான். முழுதும் மூட முடியாத குளிர்நீர் வால்வு ஒன்றால் ஒரு தளம் முழுவதும் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, பணியாளர்கள் சால்வை போர்த்திக்கொண்டு வேலை செய்யும் நிலை வரும்.

எல்லாவற்றிலும் குறைவாகக் கவனிக்கப்படுவது அளவிடும் கருவிகளின் பராமரிப்பு. சில்லர் எவ்வளவு குளிர்ச்சி தருகிறது என்பதை அறிய, குளிர்நீரின் ஓட்டத்தையும் அது உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டையும் பெருக்க வேண்டும். நொடிக்கு 60 லிட்டர் நீர் 12 டிகிரியில் வந்து 7 டிகிரியில் வெளியேறினால், 60, 5, நீரின் வெப்ப ஏற்பு எண்ணான 4.187 ஆகிய மூன்றின் பெருக்கம் 1,256 கிலோவாட், அதாவது 357 டன். அப்போது சில்லரின் மீட்டர் 250 கிலோவாட் காட்டினால் டன்னுக்கு 0.70 கிலோவாட் என்றாகிறது. இந்த எளிய கணக்கில் ஒரு பொறி இருக்கிறது: வேறுபாடே 5 டிகிரிதான் என்பதால், இரண்டு சென்சார்களில் ஒன்று அரை டிகிரி பிசகினாலே விடையில் 10 விழுக்காடு பிழை வந்துவிடும். நலிந்த சில்லர் நலமாகத் தோன்றவும், நல்ல சில்லர் மோசமாகத் தோன்றவும் அந்தப் பிழை ஒன்றே போதும். ஆகவே சென்சார்களைத் தரமான வெப்பமானியோடு ஒப்பிட்டு ஆண்டுதோறும் சரிபார்ப்பதை, தூரிகை போட்டுக் குழாய் துலக்குவதற்குச் சமமான பராமரிப்பு வேலையாகவே கருத வேண்டும்.

இவ்வளவு தகவலும் பெரும்பாலான கட்டடங்களில் ஏற்கெனவே இருக்கிறது. சில்லர் அறையில் ஷிப்டுக்கு ஷிப்டு ஆபரேட்டர்கள் நிரப்பும் லாக் புக்கில் குளிர்நீரின் வெப்பநிலைகள், கண்டென்சர் நீரின் வெப்பநிலைகள், குளிர்பொருளின் அழுத்தங்கள், மின்னோட்டம் எல்லாம் மணிக்கு மணி பதியப்படுகின்றன. இவற்றிலிருந்து நோயைப் பிரித்தறியும் வழியும் எளியது. குளிர்பொருள் திரவமாகும் வெப்பநிலைக்கும் கண்டென்சரை விட்டு வெளியேறும் நீரின் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளிக்கு அப்ரோச் என்று பெயர். தூய்மையான குழாய்களில் அது ஓரிரு டிகிரியாக இருக்கும். அழுத்தம் உயர்ந்திருந்தும் அப்ரோச் மாறாமல் இருந்தால், குழாய்கள் நலம், கூலிங் டவரிலிருந்து வரும் நீரே சூடாக இருக்கிறது என்று பொருள். அப்ரோச் ஒன்றரை டிகிரியிலிருந்து நான்கரைக்கு ஏறியிருந்தால் குழாய்க்குள் படிவு சேர்ந்திருக்க வேண்டும், அல்லது குளிர்பொருளோடு காற்று கலந்திருக்க வேண்டும். சுமை கூடும்போது அப்ரோச்சும் கூடும் என்பதால் ஒரே அளவு சுமையில் எடுத்த எண்களைத்தான் ஒப்பிட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையைத் தவிர, இந்த நோயறிதலுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. குறையெல்லாம், எழுதப்பட்ட லாக் புக்கை எவரும் படிப்பதில்லை என்பதுதான். இரவு மூன்று மணிக்கு ஓர் ஆபரேட்டர் பொறுப்போடு குறித்துவைத்த எண், பக்கம் நிறைந்ததும் அலமாரிக்குப் போய்விடுகிறது.

படிக்கப்படாததற்கான காரணம் சோம்பலைவிடக் கணக்கியலில்தான் அதிகம் இருக்கிறது. பராமரிப்புச் செலவு ஒரு தலைப்பிலும் மின்கட்டணம் இன்னொரு தலைப்பிலும் எழுதப்படுகின்றன. முன்னதைக் குறைத்த அதிகாரி பாராட்டப்படுகிறார், பின்னது உயர்ந்தால் கட்டண உயர்வின்மீதும் கோடையின்மீதும் பழி விழுகிறது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களும் எத்தனை முறை வர வேண்டும், பழுது வந்தால் எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்பதையே பெரும்பாலும் பேசுகின்றன. சட்டத்தின் பார்வையும் இதிலிருந்து அதிகம் விலகியதில்லை. 2007-இல் வெளியாகி 2017-இல் திருத்தப்பட்ட எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு, புதிய கட்டடத்தில் எவ்வளவு திறனுள்ள சில்லரைப் பொருத்த வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்கிறது, ஆனால் பொருத்திய ஐந்தாம் ஆண்டில் அதன் திறன் எங்கே நிற்கிறது என்று கேட்கும் வேலை கட்டட நிர்வாகத்திடமே விடப்பட்டிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்டால் கிடைக்கும் பயனுக்குச் சான்று உண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட, 643 கட்டடங்களை உள்ளடக்கிய ஆய்வில், ஏற்கெனவே இயங்கிவந்த கட்டடங்களின் எந்திரங்களையும் கட்டுப்பாடுகளையும் முறையாகச் சோதித்துச் செம்மைப்படுத்தியதில் கிடைத்த எரிசக்திச் சேமிப்பின் இடைநிலை அளவு 16 விழுக்காடு. அதற்கான செலவு ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் திரும்பிவிட்டது. கூரையில் சூரியத் தகடு பொருத்துவதும் புதிய சில்லர் வாங்குவதும் படம் எடுத்து அறிக்கையில் போடத்தக்க செயல்கள் என்பதால் அவற்றுக்கு நிதி எளிதாகக் கிடைக்கிறது. குழாய் துலக்குவதற்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை என்பது வருந்தத்தக்கது, ஏனெனில் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அது தரும் மின்சேமிப்புக்கு ஈடாக வேறெதையும் காட்டுவது கடினம்.

மாற வேண்டியவை பெரும்பாலும் காகிதத்தில் இருக்கின்றன. சில்லர் புதிதாக இயக்கப்பட்ட முதல் வாரத்தில் பல்வேறு சுமைகளில் அதன் அப்ரோச்சையும் டன்னுக்கான கிலோவாட்டையும் அளந்து, பிற்காலத்தில் ஒப்பிட ஓர் அடிப்படையாக வைத்துக்கொள்ள வேண்டும்; ஒவ்வொரு சில்லருக்கும் தனி மின்மீட்டரும் நீரோட்ட மீட்டரும் இருக்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில், வருகைகளின் எண்ணிக்கைக்கு மேலாக, அப்ரோச் இந்த அளவைத் தாண்டினால் இத்தனை நாட்களுக்குள் குழாய்கள் துலக்கப்பட வேண்டும் என்ற வரியும், துலக்கிய பின் அதே சுமையில் மீண்டும் அளந்து காட்டிய பிறகே தொகை வழங்கப்படும் என்ற வரியும் சேர வேண்டும். லாக் புக்கின் கடைசியில் டன்னுக்கான கிலோவாட் என்று ஒரு பத்தியைக் கூட்டி, அதை நிரப்பும் ஆபரேட்டருக்கு அந்த எண் எப்படி வருகிறது, எதனால் ஏறுகிறது என்று அரை நாள் சொல்லிக்கொடுத்துவிட்டால், ஏறத் தொடங்கும் நாளிலேயே மேலாளரை அழைத்துச் சொல்ல அவரால் முடியும். அவ்வாறு சொல்வதற்கான அதிகாரத்தையும் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும், ஏனெனில் ஆபரேட்டர்களில் பலர் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வழியாக அமர்த்தப்பட்டவர்கள், கேட்காமல் எதையும் சொல்லும் இடத்தில் இன்று அவர்கள் இல்லை.